பதிமூன்று டூட்டி

இசைப்பிரியாவுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. பள்ளிக்கூடத்தில் இதற்காகவே பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார்கள். சென்னையில் இதையே சுறுசுறுப்பு என்று சொல்லி வேலை கொடுத்தார்கள். அந்த மே மாதம் பதினைந்தாம் தேதி காலையில், நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்து வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்குமாக அவள் ஏழெட்டு நடை நடந்துவிட்டாள். மடியில் இருக்க வேண்டிய மடிக்கணினி அவள் கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மதியம் மூன்று மணிக்கு நெய்வேலி நகரியத்துச் சமுதாயக் கூடத்தில் கூட்டம். அத்தனை பேர் முன்னால் அவள்தான் ‘ஒளிவழி’யை ஓட்டிக் காட்ட வேண்டும்.

ஒளிவழி என்பது கணினியில் ஓடும் ஒரு கருவி. மின்சாரத்தை இனி எதிலிருந்து எடுப்பது, எந்தப் பழைய அனல்மின் யூனிட்டை எந்த வருஷம் மூடுவது என்று முடிவெடுக்கிறவர்கள் முன்பெல்லாம் நானூறு பக்க அறிக்கையைப் படிக்க வேண்டியிருந்தது. படித்தார்களா என்பது வேறு கதை. இப்போது திரையின் இடப்பக்கம் நாலு பட்டைகள் இருக்கும். ஒன்றை இழுத்தால் யூனிட்டை மூடும் வருஷம் மாறும், இன்னொன்றை இழுத்தால் சூரிய மின்சாரம் கூடும். இழுக்க இழுக்க வலப்பக்கம் மூன்று தூண்கள் ஏறி இறங்கும். முதல் தூண் மின்சார விலை, இரண்டாவது புகை, மூன்றாவது வேலை இழக்கும் ஆட்கள். எல்லைக்குள் இருந்தால் தூண் பச்சை, தாண்டினால் சிவப்பு. பத்தாவது ஃபெயிலானவர்களும் ஓட்டலாம், பெரிய பதவியில் இருப்பவர்களும் ஓட்டலாம் என்று அவளுடைய ஆபீசில் கிண்டல் செய்வார்கள்.

அதைத் தமிழுக்கு மாற்றியது இசைப்பிரியா. நெய்வேலிக்கான எண்களைத் திரட்டிப் போட்டதும் அவள்தான். அந்த ஊர்ப் பெண், நிலவரம் தெரிந்தவள் என்று நம்பிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

மூன்றாவது தூணுக்கு எல்லை ஆயிரத்து ஐந்நூறு பேர். அதற்கு மேல் ஆட்கள் வேலை இழப்பதாக இருந்தால், அவர்களுக்கு மாற்று வேலைக்கு வழி செய்துவிட்டுத்தான் யூனிட்டை மூட வேண்டும் என்று, மூடுவதை முடிவு செய்யும் அரசுக் குழு விதி போட்டிருந்தது. அதற்குள் என்றால் அந்தக் கவலை கிடையாது, மூடிவிட்டுப் போகலாம். பெர்மனென்ட் ஆட்களை வேறு யூனிட்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்பதால் அவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. கான்ட்ராக்ட் ஆட்கள்தான் கணக்கு. இசைப்பிரியா போட்டிருந்த எண் ஆயிரத்து முந்நூறு. பச்சை. இன்றைய கூட்டத்தோடு கோப்பு முடிந்து குழுவுக்குப் போய்விடும்.

அவளுடைய அண்ணன் தமிழ்மாறனும் அதே பழைய யூனிட்டில் கான்ட்ராக்ட் வேலைதான் பார்த்தான். சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரி கொண்டுவரும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரி மேலே போடுகிற வேலை. அவன் இப்போது வாசலில் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மணி ஏழு. முதல் ஷிஃப்ட் ஆறுக்கே தொடங்கியிருக்கும். நேற்றும் இதே நேரத்துக்கு அவன் வீட்டில்தான் இருந்தான், வார லீவு என்று நினைத்துக்கொண்டாள். தொடர்ந்து இரண்டு நாள் என்ன வார லீவு என்று இன்றைக்கு வாய்விட்டுக் கேட்டாள்.

“எனக்கு நாளையிலேர்ந்துதான் டூட்டி” என்றான் தமிழ்மாறன், குடத்தைக் கவிழ்த்தபடி. “இன்னிக்கி வரைக்கும் செல்லக்கிளியக்கா போய்கினு இருக்குது.”

செல்லக்கிளி அடுத்த தெருவில் இருப்பவள், நாற்பதைத் தாண்டியவள், அதே பெல்ட்டில் வேலை பார்ப்பவள். அவள் போவதற்கும் இவன் வீட்டில் இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று இசைப்பிரியாவுக்குப் புரியவில்லை. அவன் இழுத்து இழுத்துத்தான் சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்தில் இருந்த ஒரு யூனிட்டை மூடியபோது கான்ட்ராக்ட் வேலை பாதியாகிவிட்டது. பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலை எல்லோரும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து பேசினார்கள். ஒருத்தர் வீட்டில் அடுப்பெரிந்து பக்கத்து வீட்டில் எரியாமல் இருந்தால் தெருவில் எப்படி நடமாடுவது என்று கேட்டது செல்லக்கிளிதானாம். ஒரு கான்ட்ராக்ட் ஆளுக்கு மாசம் இருபத்தாறு டூட்டி, அதாவது இருபத்தாறு நாள் வேலை. அதை இரண்டாகப் பிரித்து, முதல் பதினைந்து நாளில் ஒருத்தருக்குப் பதிமூன்று, மீதி நாளில் இன்னொருத்தருக்குப் பதிமூன்று என்று அவர்களே முடிவு செய்து சூப்பர்வைசரிடம் போய் நின்றார்கள். அவருக்கு வேலை நடந்தால் சரி. ஒரு வேலைக்கு ஒரு ஜோடி பூட்ஸ்தான் கொடுப்பார்கள் என்பதால், பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்களாக ஜோடி சேர்த்தார்கள். தமிழ்மாறனின் ஒன்பதாம் நம்பர் பூட்ஸின் முனையில் பழந்துணியை அடைத்துக்கொண்டு செல்லக்கிளி பாதி மாதம் நடந்தாள்.

“எத்தினி பேரு இப்புடி?” என்று கேட்டாள் இசைப்பிரியா. 

“கான்ட்ராக்ட்டு மொத்தமும்தான்.”

 நாலு மாதத்துக்கு முன் அவள் கான்ட்ராக்டர்களின் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கியது ஒரே ஓர் எண். மாதம் மொத்தம் எத்தனை டூட்டி? முப்பத்து மூவாயிரத்து எண்ணூறு. அதை இருபத்தாறால் வகுத்தாள். சென்னைக்காரப் பெண் யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால், எத்தனை பேர் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். இவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அப்பா இருந்த காலத்திலிருந்தே அந்த வீட்டில் வேலை என்றால் இருபத்தாறு டூட்டி, ஆள் என்றால் இருபத்தாறு டூட்டி. தெரிந்த விஷயத்தைப் போய் யார் கேட்பார்கள்? ஆயிரத்து முந்நூறு என்று வந்தது. ஒன்றுகூட மிச்சம் இல்லாமல் சுத்தமாக வகுபட்டதில் அன்றைக்கு அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷம் வேறு. அவர்கள் ஒருத்தரையும் விட்டுவிடாமல் பங்கு போட்டுக்கொண்டார்கள். இவள் இரண்டிரண்டு பேரை ஒட்டி ஒரே ஆளாக்கிவிட்டாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அண்ணனிடம் எரிந்து விழுந்தாள். தப்பு தன் பக்கம் இருக்கும்போது அவளுக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

“போன் பண்ணும்போதெல்லாம் சாப்டியா சாப்டியான்னு கேட்ட. எத்தினி டூட்டின்னு ஒரு நாளாவது கேட்டியா?” என்றான் அவன்.

பிறகு அவள் விஷயத்தைச் சொன்னாள். ஆயிரத்து முந்நூறு இல்லை, இரண்டாயிரத்து அறுநூறு. இந்த எண் குழுவுக்குப் போனால் தூண் சிவப்பாகும், மூடுவதற்கு முன் எல்லோருக்கும் வழி செய்தாக வேண்டும். இந்த எண் போகாவிட்டால் ஒன்றும் கிடையாது. தமிழ்மாறன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான். சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகம் வேறு மாதிரி ஆனது.

“வாயத் தொறந்துடாத ப்ரியா. பாதி பாதியா பாக்குறாங்கன்னு மேல தெரிஞ்சா, அப்ப பாதி ஆளு போதுமேன்னு பேர அடிச்சிடுவாங்க. மூடறது என்னிக்கோ. இது நாளைக்கே நடக்கும்.”

அதற்குப் பிறகு அவளால் அந்த வீட்டில் நிற்க முடியவில்லை. அவனுடைய வண்டியை எடுத்துக்கொண்டு நகரியத்துக்குள் போனாள். முதலில் சூப்பர்வைசர் குமரவேலைப் பிடித்தாள். மின்நிலையத்து கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றிருந்தார். பட்டியலில் எத்தனை பேர் என்று கேட்டாள். இரண்டாயிரத்து அறுநூறு என்று உடனே சொன்னார். நாலு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, நீங்கள் டூட்டி கேட்டீர்கள், டூட்டி கொடுத்தேன், ஆளைக் கேட்டிருந்தால் ஆளைக் கொடுத்திருப்பேன் என்று டீயை ஆற்றினார். அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. அதனாலேயே அவர் மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, சென்னையில் இருக்கும் தன் மேலாளர் அருண்குமாருக்கு போன் செய்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, எண்களைப் பூட்டி மூன்று நாளாகிறது, இனி யாரும் எதையும் தொடக் கூடாது, அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்றார். அடுத்த பதிப்பு எப்போது என்று கேட்டாள். அடுத்த வருஷம் என்றார். கூட்டத்தின் நடுவில் எண்ணை மாற்றினால் கருவியையே யாரும் நம்ப மாட்டார்கள், மற்ற மாவட்டங்களிலும் இதைத்தான் விற்கப் போகிறோம் என்றார். கடைசியில், உன் நிரந்தரக் கடிதத்தில் இந்த வாரம்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதட்டவே இல்லை.

வண்டியைக் கிளப்பி எந்த பிளாக் என்று பார்க்காமல் சுற்றினாள். ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், ஒரே மாதிரி வேலி. ஒரே முனையை மூன்றாவது தடவை கடக்கும்போது காவலுக்கு நின்றவர், யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்தார். அவளுக்கே தெரிந்தால்தானே சொல்ல. சொல்லாவிட்டால் அத்தனை பேரும் ஒரு வழியும் இல்லாமல் வெளியே போவார்கள். சொன்னால், அண்ணன் பயப்படுகிறபடி பாதிப் பேர் நாளைக்கே வெளியே. அவர்களாகக் கூடிப் பேசி, வெளியே சொல்லாமல் வைத்திருக்கிற விஷயம் அது. அதை மைக்கில் போட்டு உடைக்க அவளுக்கு யார் உரிமை கொடுத்தது? ஒரு கடையில் புரோட்டா வாங்கினாள், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மணி பார்த்தாள், பன்னிரண்டு. மறுபடி பார்த்தாள், பன்னிரண்டு மூன்று.

மூன்று மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் யூனியன்காரர்கள், பஞ்சாயத்துக்காரர்கள். பின்னால் முதல் ஷிஃப்ட் முடிந்து நேரே வந்தவர்கள். தமிழ்மாறன் கடைசிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். மேடையில் குழுவின் அதிகாரி செந்தில்நாதன். நல்ல மனிதர், கூழைக் கும்பிடு எதிர்பார்க்காதவர். ஒளிவழியை அவரே வீட்டில் உட்கார்ந்து ஓட்டிப் பழகியிருந்தார், புதுப் பொம்மை கிடைத்த பிள்ளையின் உற்சாகம் அவரிடம் இருந்தது. இது அதிகாரிகளுக்கு மட்டுமான கருவி இல்லை, உங்களில் யார் வேண்டுமானாலும் வந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று கூப்பிட்டார். ஆண்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துச் சிரித்துக்கொண்டிருக்கையில், செல்லக்கிளி எழுந்து வந்தாள். தலையில் கட்டிய துண்டைக்கூட அவள் அவிழ்த்திருக்கவில்லை. புருவத்தில் பழுப்புத் தூசி.

இசைப்பிரியா மவுஸைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். செல்லக்கிளிக்கு இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை. மூடும் வருஷத்தைப் பின்னுக்கு இழுத்தாள், புகை ஏறியது. முன்னுக்கு இழுத்தாள், புகை இறங்கியது. கூடம் கைதட்டியது. அப்புறம் அவள் மூன்றாவது தூணைப் பார்த்தாள். அதன் தலையில் இருந்த எண்ணை உதடு அசையப் படித்தாள். ஆயிரத்து முந்நூறு. அவள் கைதட்டலைக் கவனிக்கவில்லை.

“இதுல நான் இருக்கனா பாப்பா?” என்று கேட்டாள். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

இசைப்பிரியா நிமிர்ந்தாள். கடைசிச் சுவரில் அண்ணன் தலையை மெதுவாக ஆட்டினான். வேண்டாம் என்றான். அவளும் வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கேட்டவள் அண்ணன் இல்லை, குழு இல்லை, ஆபீசும் இல்லை. கணக்கில் இருக்கிறவளே வந்து, தான் இருக்கிறேனா என்று கேட்கிறாள். அவள் முகத்தைப் பார்த்து இருக்கிறீர்கள் என்று பொய் சொல்ல இசைப்பிரியாவுக்கு நாக்கு எழவில்லை.

“பாதி இருக்கீங்கக்கா” என்றாள். “மீதிப் பாதி எங்கண்ணன். தப்பு என்னுது.”

அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. டூட்டியை இருபத்தாறால் வகுத்ததை, ஆளைக் கேட்காமல் விட்டதை, எல்லாவற்றையும் செந்தில்நாதனைப் பார்த்தே சொன்னாள். மேசை மேல் அவள் போன் அதிர ஆரம்பித்தது. சென்னையிலிருந்து அருண்குமார் கூட்டத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எடுக்கவில்லை. அவளுடைய கடவுச்சொல்லைப் போட்டுப் பூட்டைத் திறந்தாள். அதுவரை பூட்டிக் கிடந்த ‘ஓர் ஆளுக்கு மாதம் எத்தனை டூட்டி’ என்ற பட்டையை இருபத்தாறிலிருந்து பதிமூன்றுக்கு இழுத்தாள். மூன்றாவது தூண் எகிறிச் சிவப்பானது. இரண்டாயிரத்து அறுநூறு. கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது.

செந்தில்நாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து வந்து மவுஸை வாங்கினார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்ததாக யாரும் சொல்ல முடியாது. அந்தக் கருவியின் குணமே அதுதான், பட்டை இருந்தால் இழுக்கத் தோன்றும். பதிமூன்றை மறுபடி இருபத்தாறுக்கு இழுத்தார். தூண் இறங்கிப் பச்சையானது.

“வேலை என்னவோ இவ்வளவுதானே இருக்கு” என்றார், நிஜமாகவே சந்தேகம் கேட்பவர் போல. “ஆளுக்கு இருபத்தாறு டூட்டி முழுசா கொடுத்துட்டா, ஆயிரத்து முந்நூறு பேர் போதும் இல்லையா?”

தமிழ்மாறன் காலையில் சொன்னது அப்படியே நடந்தது.  நாளைக்கு நடக்கும் என்றான். அரை நிமிஷத்தில் நடந்துவிட்டது. வழியைப் போட்டுக் கொடுத்தவள் அவளேதான்.

செல்லக்கிளி மேடையை விட்டு இறங்கியிருக்கவில்லை. தூண் இறங்கியதை அவளும் பார்த்தாள்.

“சார், இப்ப கொறஞ்சது யாரு? நானா, இந்தப் பொண்ணோட அண்ணனா?”

இது தனித்தனி ஆளைப் பற்றியது இல்லை, மொத்த எண்ணிக்கை என்று செந்தில்நாதன் விளக்கினார். செல்லக்கிளி மரியாதையாகவே கேட்டுக்கொண்டாள்.

“மொத்தத்துல எங்க ரெண்டு பேர்ல ஒருத்தரு இல்லன்னு ஆயிப்போச்சிங்களே. யாருன்னு சொல்லிட்டீங்கன்னா, இருக்கறவங்க நாளைக்கி டூட்டிக்கிப் போவோம்.”

 செந்தில்நாதன் பதில் சொல்வதற்குள் பின்சுவரிலிருந்து தமிழ்மாறன் சொன்னான்:

“நான்னு வச்சிக்கங்க சார்.”

வாயைத் திறக்காதே என்று தங்கையைத் தடுத்தவன். இசைப்பிரியாவுக்கு அவனை ஓடிப்போய் அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. அவள் இரண்டையும் செய்வதற்குள் செல்லக்கிளி மைக்கைக் கையில் எடுத்துவிட்டாள்.

“சும்மா இருடா நீ. ரெண்டு வருஷமா ஒண்ணா இழுத்துகினு வந்தாச்சி. ஒன்ன வெளிய உட்டுட்டு எந்த மூஞ்சிய வச்சிகினு நான் கேட்டுக்குள்ள போவன்?” அதோடு மைக்கை வைத்துவிட்டு செந்தில்நாதன் பக்கம் திரும்பினாள். பதிலுக்காக நின்றாள்.

இசைப்பிரியா செந்தில்நாதனின் கைக்கு அடியிலிருந்து மவுஸை இழுத்துக்கொண்டாள். அவள் மாதிரி ஒரு சின்ன ஊழியர் செய்யக்கூடிய காரியமா அது? செய்தாள். பட்டையைப் பதிமூன்றில் கொண்டுவந்து நிறுத்தி நிரந்தரப் பூட்டைப் போட்டாள். மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று திரை கேட்டது. ‘ஒரு வேலையை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் இருக்கிறார்கள்’ என்று தட்டினாள். மாற்றியவர் பெயர் என்று கேட்டது. முழுப் பெயரையும் போட்டாள். இதற்குமேல் மாற்ற முடியாது, சம்மதமா என்று கேட்டது. ஆம் என்பதை அழுத்தினாள். மேசை மேல் போன் இன்னும் அதிர்ந்துகொண்டே நகர்ந்து விளிம்புக்கு வந்துவிட்டது.

“உங்க ஆபீஸ்ல இதை ஒத்துக்குவாங்களாம்மா?” என்று செந்தில்நாதன் தணிந்த குரலில் கேட்டார்.

“ஒத்துக்க மாட்டாங்க சார். ஒரு ஆளக் கொறச்சித்தான் ஆகணும்னா, என்னக் கொறச்சிக்கங்க.”

அவர் அவளைப் பார்த்தார், செல்லக்கிளியைப் பார்த்தார், கடைசிச் சுவர் வரைக்கும் பார்த்தார். நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்து, குறிப்பெழுதும் எழுத்தரைக் கூப்பிட்டார். வேலை இழக்கும் ஆட்கள் இரண்டாயிரத்து அறுநூறு என்று போடச் சொன்னார். எழுத்தர் எழுதிக்கொண்டு போனதை எட்டிப் பார்த்து நிறுத்தி, எண்ணால் மட்டும் போதாது, எழுத்தாலும் எழுதுங்கள் என்றார்.